ஆறு தடவை விழுந்த தாழ்

அத்தியாயம் 4

மதுரையில் சித்திரை மாதத்தில் ஒருவன் குளிரில் விறைத்துச் செத்துப்போனான் என்றால் போலீஸ் நம்பாது. டாக்டர் நம்பமாட்டார். சொந்தக்காரர்கள் இதில் ஏதோ காதல் விவகாரம் இருக்கிறது என்று முடிவுகட்டி, பெண் எந்த ஊர் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

பரவை மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் குளிர்பதனக் கிடங்கின் மூன்றாம் நம்பர் அறைக்குள் நுழைந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அழகுபாண்டி அதற்குள் இவ்வளவையும் யோசித்து முடித்திருந்தான். அவர்களுடைய அலுவலகத்தில் வேலை தெளிவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. துப்பறிவது அலர்மேல்மங்கை. பயப்படுவது அழகுபாண்டி.

"அக்கா, கதவு மூடிக்கிருச்சு."

"மூடணும் பாண்டி. அதுக்குத்தானே வந்திருக்கோம்."

அலர்மேல்மங்கைக்கு நாற்பத்தெட்டு வயது. இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த குடோன்களையும் தீப்பிடிக்காத குடோன்களையும் ஆராய்ந்துவிட்டு, இப்போது கே.கே. நகரில் ஒரு பல் டாக்டரின் மாடியில் சொந்தமாகத் துப்பறிகிறார். கோபம் வந்தால் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் திட்டுவார். அழகுபாண்டிக்குப் புரியாது. அது அவர் அவனுக்குச் செய்யும் பெரிய மரியாதை.

கதவுக்கு மேல் இருந்த சிவப்பு எண், இரண்டு டிகிரி என்றது. சுற்றிலும் கூரை வரை கேரட் மூட்டை. அழகுபாண்டி அரைக்கைச் சட்டை போட்டிருந்தான்.

"ஒரு தடவை கேஸைச் சொல்லு. வாய் அசைஞ்சா குளிராது."

சொன்னான். இந்தக் கிடங்கின் கதவுகள் மூடினால் தானாகப் பூட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஆள் சுவரில் இருக்கும் பெல்லை அமுக்கினால், ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த அறையின் பெயர் மின்னும். அங்கே உட்கார்ந்திருக்கும் நாகஜோதி மவுஸால் ஒரு பட்டனைத் தட்டினால் இரும்புத் தாழ் விலகும். ஒரே பட்டன்தான். முதல் தட்டுக்குத் திறக்கும், அடுத்த தட்டுக்குப் பூட்டும். ஆள் வெளியே வந்ததும் கதவு மூடி, தாழ் மறுபடி விழுந்துவிடும்.

போன வியாழக்கிழமை லோடுமேன் மேஸ்திரி சிவனாண்டி இதே அறையில் இருந்து பெல் அடித்தார். பதினொன்று பதினாலுக்குத் தாழ் ஆறு தடவை ஆடியது. திறந்து, பூட்டி, திறந்து, பூட்டி, திறந்து, பூட்டி. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பன்னிரண்டரைக்கு அவரைத் தூக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார்கள். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. விரல் நுனிகளில் இன்னும் உணர்ச்சி இல்லை.

"கம்ப்யூட்டர் பதிவுலயும் நாகஜோதி பேர்ல ஆறு தட்டு இருக்கு. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, வண்டி நிப்பாட்டுற தகராறுல, 'ஒருநாள் உள்ள வச்சுப் பூட்டிர்றேன் பாருங்க'ன்னு சிவனாண்டி அண்ணன்கிட்ட அந்தப் பிள்ளை சொல்லியிருக்கு. கேட்ட சாட்சி பதினோரு பேரு. கொலை முயற்சி கேஸு. எஸ்.ஐ. பதினொன்றரைக்குக் கூட்டிட்டுப் போக வாராங்க."

"ஓனர் தவசி என்ன சொன்னாரு?"

"குத்தம் அந்தப் பிள்ளை மேலன்னா போகட்டும், இல்லைன்னா அதுக்குள்ள சொல்லுங்கன்னாரு. சொல்லிட்டு, கொடைரோட்டுல லாரி நின்னுபோச்சுன்னு அவரு போயிட்டாரு."

"நாகஜோதி?"

அழகுபாண்டி கால் மணி நேரத்துக்கு முன்னால் ஆபீஸில் பார்த்த முகம் அது. கொட்டாம்பட்டியில் இருந்து கல்யாணமாகி வந்த பெண். யு.கே.ஜி. படிக்கும் மகளின் டிபன் பாக்ஸ் மேஜை மேல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுக்க மறந்துவிட்டாளாம். 'நான் திறக்கத்தான்க்கா தட்டுனேன்' என்பதை ஒன்பது தடவை சொன்னாள்.

"எப்படித் தட்டுனன்னு நான் கேட்டதுக்கு என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. பதினொரு மணிக்கு மேல கம்ப்யூட்டரு எப்பவும் மந்தமாம். ஒத்தத் தட்டுக்கு அசையாதாம். அதனால எடுத்த எடுப்புலயே ரெட்டைத் தட்டு. காது கேக்காதவங்ககிட்ட சத்தமாப் பேசுற மாதிரியாம். ஆபீஸ்ல எல்லாருக்கும் அதான் பழக்கம்னா."

"எல்லாருக்குமா?"

"மேனேஜர் செல்வக்குமாரைத் தவிர. அவரு அந்நேரம் மவுஸையே தொடமாட்டாரு, டீ குடிக்கப் போயிருவாருன்னா."

அலர்மேல்மங்கை தலையசைத்தார். வாட்சைப் பார்த்தார். மணி பதினொன்று ஐந்து. சுவரில் இருந்த பெல்லை ஒரு தடவை அமுக்கினார். அன்று செய்தது போலவே இன்றும் செய் என்று நாகஜோதியிடம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்கள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம். திடீரென்று விளக்கு அணைந்தது.

"அக்கா."

"அஞ்சு நிமிஷம் யாரும் அசையலைன்னா தானா அணையும். மறுபடி எரியறதுக்கு அது ஆபீஸ் கம்ப்யூட்டரைக் கேக்கணும்."

"கேக்கச் சொல்லுங்க."

"கேட்டிருக்கும். அங்க யாரும் பதில் சொல்லலை."

அழகுபாண்டி செல்போனை எடுத்து டார்ச் போட்டான். சிக்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குறுக்குக் கோடு. நாலு அங்குலக் கனத்துக்கு நுரைப்பலகை வைத்த சுவர். சத்தமே தாண்டாது, சிக்னலா தாண்டும்?

பதினொன்று பன்னிரண்டுக்குத் தாழ் பேசியது.

டக். டக். டக். டக். டக். டக்.

அழகுபாண்டி பெல்லுக்குப் பக்கத்தில் இருந்து கதவை நோக்கிப் பாய்ந்தான். மூன்றே எட்டுதான். போய்ச் சேர்ந்து இரண்டு கையாலும் தள்ளினான். கதவு, கல்லூரி முதல்வர் அறை வாசலில் அவன் பார்த்த எந்த முகத்தையும்விட இறுகி நின்றது.

இருட்டில் அலர்மேல்மங்கை சிரிப்பது கேட்டது.

"அக்கா, பூட்டிக்கிருச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"தாழை ஆட்டி அந்தப் பொண்ணு நக்கல் பண்ணுச்சுன்னு சிவனாண்டி சொன்னாருல்ல? சரி, இப்ப நம்மள யாரு நக்கல் பண்றது? நம்மதான் அவளைக் காப்பாத்த வந்தவங்க. நம்மகூட அவளுக்கு என்ன வண்டித் தகராறு?"

அழகுபாண்டிக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

"எம்புட்டு நேரத்துக்குள்ள ஆறு தட்டு விழுந்துச்சு?"

"ரெண்டு செகண்டு இருக்கும்."

"கையால ஆட்டுன மாதிரி இருந்துச்சா, தையல் மிஷின் ஓடுன மாதிரி இருந்துச்சா?"

அவன் அந்தச் சத்தத்தை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தான். ஒரே இடைவெளி. மயிரிழை பிசகவில்லை. நக்கல் பண்ணுகிறவன் நிறுத்தி நிறுத்தித்தான் பண்ணுவான். எதிராளி தவிப்பதைப் பார்க்க அவனுக்கு நேரம் வேண்டும். இதில் அந்த ரசனையே இல்லை.

"மிஷின்," என்றான். பிறகு அவன் தலைக்குள் ஏதோ ஒன்று நகர்ந்தது. அழகுபாண்டி பொறியியல் படித்தவன். அதாவது, நாலு வருடம் காலேஜ் பஸ்ஸில் போய் வந்தவன். கம்ப்யூட்டர் எப்படி ஒரே நேரத்தில் பல வேலை பார்க்கிறது என்ற பாடத்தில் மட்டும் மூன்று முறை ஃபெயில். மூன்று முறையும் கேட்ட கேள்வி ஒன்றுதான். அதற்கான விடை இப்போது இரண்டு டிகிரியில், கேரட் வாசத்தோடு வந்து நின்றது.

"அக்கா, ரேஷன் கடை."

"சொல்லு."

"ஒரே ஆளு. ஜன்னல்ல கார்டு வாங்கறதும் அவருதான், உள்ள போயி அரிசி எடை போடுறதும் அவருதான். அவரு உள்ள மூட்டை பிரிச்சுக்கிட்டு இருக்காரு. ஜன்னல்ல ஆளே இல்ல. நம்ம என்ன செய்வோம்? கார்டை வச்சுட்டு நிப்போம். வரலைன்னா இன்னொரு கார்டையும் வைப்போம். அவரு அரை மணி நேரம் கழிச்சு வந்து, வச்ச கார்டை எல்லாம் வரிசையா டப்பு டப்புன்னு பதிஞ்சு தள்ளுவாரு. ஆளு நிக்கிறானா போயிட்டானான்னு பார்க்கமாட்டாரு."

"அந்தக் கம்ப்யூட்டர்ல மூட்டை பிரிக்கிற வேலை என்ன?"

"செவுத்துல சீட்டு ஒட்டியிருந்துச்சே, செல்வக்குமார் கையெழுத்துல. காலை பதினொண்ணு: எண்ணூறு விவசாயிக்கு ரேட் மெசேஜ், நேத்து கேமரா வீடியோ காப்பி, நாப்பது குளிர் மீட்டரோட கணக்கு. அம்புட்டும் ஒரே புரோகிராமு, அம்புட்டும் ஒரே ஆளு. பட்டன் தட்டுறதைக் கேக்கவேண்டிய ஆளும் அவனேதான். அவன் உள்ள முங்கிட்டான்னா திரையில இருக்கிறது வெறும் படம். அந்தப் பிள்ளை தட்டுது, தட்டுது, அவனுக்குக் கேக்கலை. எல்லாத் தட்டும் வரிசையில நிக்குது. அவன் மூச்சு விட வெளிய வந்தவுடனே ஆறு தட்டும் மொத்தமா இறங்குது."

"ரெட்டை ரெட்டையாத் தட்டுறவ."

"அதனால எப்பவும் ஜோடிக் கணக்கு. முடியிறது பூட்டுலதான்." அழகுபாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. குளிரா, அறிவா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "திரையில பூட்டுன்னு காட்டுனா, சிவனாண்டி வெளிய வந்துட்டாரு, கதவு தானாப் பூட்டிக்கிருச்சுன்னுதான் அந்தப் பிள்ளை நினைச்சிருக்கும். எந்திரிச்சு எடைமேடைக்குப் போயிருச்சு."

"சிவனாண்டி அப்புறம் அடிச்ச பெல்லு?"

"அதுவும் அதே ஜன்னல்தானே. பதினேழு பெல்லு அடிச்சிருக்காரு. பன்னெண்டரைக்குப் பதினேழும் ஒட்டுக்கா அடிச்சதுன்னு எல்லாருமே சொன்னாங்க. நம்மதான் காதுல வாங்கலை."

அலர்மேல்மங்கை அவன் கையில் இருந்த டார்ச்சை வாங்கினார். பாராட்டுவார் என்று நினைத்தான். அவர் கதவுப் பக்கம் திரும்பி, அதை ஒட்டி நின்ற இரும்பு ரேக்கின் பின்னால் வெளிச்சம் அடித்தார். கதவின் உள்பக்கம், இடுப்பு உயரத்தில், நாலு திருகாணி ஓட்டை. ஓட்டைகளுக்கு நடுவில், ஒரு கைப்பிடி அளவுக்கு மட்டும் பெயிண்ட் வெளுக்காமல் புதுசாக இருந்தது.

"குளிர் ரூம் கதவு எல்லாத்துலயும் உள்ள இருந்து திறக்கிற கைப்பிடி ஒண்ணு இருக்கும் பாண்டி. கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். இழுத்தாப் போதும். இங்க ஒரு ரேக் கூடுதலா வைக்கணும்னு யாரோ அதைக் கழட்டியிருக்காங்க."

"யாரோவா?"

"என் மனசுல ஒரு பேரு இருக்கு. வெளிய போனாத்தான் பேருக்கு மதிப்பு."

அதுதான் விஷயம். அழகுபாண்டி உட்கார இடம் தேடி, கேரட் மூட்டை மேல் உட்கார்ந்து, உடனே எழுந்துவிட்டான். நாகஜோதி மவுஸில் கை வைத்த இரண்டாவது தடவையும் ஆள் உள்ளே மாட்டியாகிவிட்டது. இதைவிட நல்ல சாட்சி போலீஸுக்குக் கிடைக்காது. காப்பாற்ற வந்தவர்களே அவளுக்கு இரண்டாவது கேஸைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். உண்மை அவர்களோடு இரண்டு டிகிரியில் நின்றுகொண்டிருந்தது.

பெல்லை அடித்தான். மறுபடி அடித்தான். எட்டாவது முறை அலர்மேல்மங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போதும். இங்க வா. கதவுல தோளை வச்சுச் சாயி."

"பூட்டுன கதவுலயா?"

"நம்ம வெளிய வரலைன்னு நாகஜோதிக்குத் தெரியும். ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பார்த்தா வராந்தா தெரியும். அவ மறுபடி தட்டியிருப்பா. அந்தத் தட்டு எங்கேயோ வரிசையில நிக்குது. அது இறங்கும்போது மறுபடியும் ஆறு தடவை ஆடும். முதல் ஆட்டத்துல தாழ் விலகி இருக்கிறது கால் செகண்டு. சிவனாண்டி பெல்லுகிட்ட நின்னாரு, நீயும் அங்கதான் நின்ன. கதவுக்கு வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. ஏற்கனவே சாஞ்சுக்கிட்டு இருக்கிறவனுக்குக் கால் செகண்டு போதும்."

இருவரும் சாய்ந்தார்கள். வெளியில் இருந்து பார்க்க முடிந்திருந்தால், நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவரும் இளைஞன் ஒருவனும் குடோனைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முயல்வது போல இருந்திருக்கும்.

பதினொன்று இருபது. பதினொன்றரை. எஸ்.ஐ. வந்திருப்பார். அழகுபாண்டிக்குக் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. தொட்ட விரலுக்கும் தெரியவில்லை, காதுக்கும் தெரியவில்லை.

"அக்கா, அந்தப் பிள்ளை தட்டலைன்னா?"

"தட்டியிருப்பா."

"இல்ல, ஒருவேளை..."

"சாயி பாண்டி."

பதினொன்று நாற்பது. டார்ச் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. அதன் பிறகு அவன் பேசவில்லை. பேசாத அழகுபாண்டியை அலர்மேல்மங்கை அன்றுதான் முதல்முறையாகச் சந்தித்தார்.

டக்.

கதவு தோளுக்கு அடியில் இருந்து காணாமல் போனது. இருவரும் முப்பத்தொன்பது டிகிரிக்குள் குப்புற விழுந்தார்கள். பின்னால் தாழ் வெறும் காற்றில் டக் டக் என்று ஆடி ஓய்ந்தது. வராந்தாவில், கையில் கட்டோடு, சிவனாண்டி வாயைப் பிளந்து நின்றார்.

"ஏம்ப்பா, நீங்க கிளம்பிப் போயிட்டதா செல்வக்குமார் சொன்னானே."

"கிளம்பத்தான் பார்த்தோம்ணே," என்றான் அழகுபாண்டி, தரையில் இருந்தபடியே. "மணி என்ன?"

"பதினொண்ணு நாப்பத்தாறு."

ஆபீஸில் கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. முற்றத்தில் போலீஸ் ஜீப். பின்சீட்டில் நாகஜோதி, டிபன் பாக்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எஸ்.ஐ. ஜெயக்கொடி டிரைவருக்குக் கிளம்பச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்," என்றார் அலர்மேல்மங்கை. "இந்தப் பொண்ணு எப்ப இருந்து ஜீப்புல இருக்கா?"

"பதினொண்ணேகாலுக்கே வந்துட்டேன், அப்பவே ஏத்தியாச்சு. நீங்க உள்ள இருக்கீங்கன்னு அழுதுச்சு. நானும் மேனேஜர்கிட்டக் கேட்டேன். திரையைக் காட்டுனாரு. பூட்டுன்னு இருந்துச்சு, பெல்லு ஒண்ணும் மின்னலை. ஆளு வெளிய போயாச்சுன்னாரு."

"உள்ள வந்து ஒண்ணை மட்டும் பாருங்க."

மேனேஜர் செல்வக்குமார் பின்னாலேயே வந்தான். தவசிக்கு அக்கா மகன். இஸ்திரி கலையாத சட்டை. அலர்மேல்மங்கை திரையில் பதிவுப் பக்கத்தைத் திறந்தார். எஸ்.ஐ. குனிந்து, விரல் வைத்து வாசித்தார்.

"11:46. நாகஜோதி. அறை மூன்று, திற. 11:46. நாகஜோதி. பூட்டு. திற. பூட்டு..." விரல் நின்றது. "இது இப்பத்தானே?"

"இப்பத்தான்," என்றான் அழகுபாண்டி. "அரை மணி நேரமா உங்க ஜீப்புல உக்காந்துக்கிட்டே தட்டியிருக்கா மேடம். நீளமான கை."

எஸ்.ஐ. திரும்பி ஜன்னல் வழியே ஜீப்பைப் பார்த்தார். பிறகு காலி நாற்காலியைப் பார்த்தார்.

"கை தட்டுன நேரத்தை இது எழுதுறதில்லை மேடம்," என்றார் அலர்மேல்மங்கை. "மிஷினுக்கு அது காதுல விழுந்த நேரத்தைத்தான் எழுதுது. அந்தப் பொண்ணு பதினொண்ணேகாலுக்கு முன்னாடி தட்டுனது இம்புட்டு நேரம் வரிசையில நின்னிருக்கு. போன வியாழக்கிழமையும் இதான்." நாலு வாக்கியத்தில் ரேஷன் கடையையும், கதவில் பார்த்த திருகாணி ஓட்டையையும் சொல்லி முடித்தார். அழகுபாண்டியின் உதாரணம் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

வாசலில் நின்ற சிவனாண்டி, "அப்ப அது என்னைய நக்கல் பண்ணலையா?" என்றார் மெதுவாக.

"திறக்கத்தான் பார்த்திருக்கா அண்ணே. மூணு வாட்டி."

செல்வக்குமார்தான் முதலில் சுதாரித்தான். "நல்லவேளை மேடம். சிஸ்டம் ஃபால்ட்டு. யாரு மேலயும் தப்பில்லை. நான் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுச் சத்தம் போடுறேன்."

"அவங்க ஏற்கனவே பேசிட்டாங்க," என்று அழகுபாண்டி திரையின் மூலையைக் காட்டினான். அங்கே ஒரு சின்னப் பெட்டி. 'புதிய பதிப்பு தயார். கனமான வேலைகள் இனிப் பின்னணியில் தனியே ஓடும். பட்டன்கள் எப்போதும் இயங்கும். நிறுவ அரை நாள் கிடங்கை நிறுத்த வேண்டும்.' அதற்குக் கீழே பொடி எழுத்தில்: 'தொண்ணூற்று நான்கு முறை தள்ளிவைக்கப்பட்டது.'

"இதை நாகஜோதி தள்ளியிருக்கும்," என்றான் செல்வக்குமார். "எனக்குத் தெரியாது. இந்தக் கம்ப்யூட்டரை நான் தொடுறதே கிடையாது."

எஸ்.ஐ. நோட்டை மூடவில்லை. "சரி. நான் அந்த ரூமைப் பார்க்கணும். உள்ள கதவுல ஏதோ ஓட்டை இருக்குன்னு இவங்க சொல்றாங்க. நீங்களே வந்து காட்டுங்க."

மூன்றாம் நம்பர் கதவை வெளியில் இருந்து, தன்னிடம் மட்டும் இருந்த சாவியைப் போட்டுத் திறந்தது செல்வக்குமார்தான். எஸ்.ஐ. உள்ளே போனார். அவருக்குப் பின்னால் அலர்மேல்மங்கை. செல்வக்குமார் வாசலில் நின்றான். வராந்தாவில் கிடந்த, காய்கறி அடுக்கும் பிளாஸ்டிக் கிரேட் ஒன்றைக் காலால் இழுத்து, கதவு மூடாதபடி முட்டுக்கொடுத்தான். அசைத்துப் பார்த்தான். போதவில்லை. இன்னொன்றையும் இழுத்து வைத்தான்.

"எதுக்குங்க அது?" என்றார் எஸ்.ஐ. உள்ளிருந்து. "மூடுனா பெல் அடிப்போம், திறப்பாங்க. ஆபீஸ்ல ஆளை உக்கார வச்சுட்டுத்தானே வந்தோம்?"

"ஆளு இருந்து என்ன மேடம், மணி பன்னெண்டுகூட ஆகலை. பன்னெண்டரை வரைக்கும் பெல்லு..."

வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது.

சிவனாண்டி, கட்டுப் போட்ட கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, செல்வக்குமாரின் முகத்துக்கு நேராக வந்து நின்றார்.

"பன்னெண்டரை வரைக்கும் பெல்லு கேக்காதுன்னு உனக்குத் தெரியும். அன்னைக்குப் பதினொரு மணிக்கு 'உள்ள போயி மூட்டையை எண்ணிட்டு வாங்க மேஸ்திரி'ன்னு என்னைய அனுப்புனது யாரு?"

செல்வக்குமார் கிரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கைப்பிடியைக் கழட்டுனது யாருன்னு நான் இன்னும் கேக்கவே ஆரம்பிக்கலை," என்றார் அலர்மேல்மங்கை.

எஸ்.ஐ. ஜெயக்கொடி வெளியே வந்தார். முற்றத்தைத் தாண்டி ஜீப் வரைக்கும் நடந்து, பின்கதவைத் தானே திறந்தார்.

"நீ இறங்கும்மா," என்றார். "அந்த சீட்டு வேணும்."